மலையடிவார மருத்துவமனை கற்பிக்கும் பாடம்



கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் கல்வராயன் மலையிலும் சங்கக் கணக்குகளைப் பார்வையிடுங்கால், தவணை தவறியதற்குக் காரணம் யாதென வினவினால், நாம் அடிக்கடி கேட்கும் விடை ஒன்றுண்டு: "வீட்டிலே நோய் வந்துவிட்டது, ஐயா." தறி நின்றாலும் விளைச்சல் பொய்த்தாலும் அடுத்த பருவத்தில் ஈடு செய்யலாம். நோய்க்கு வாங்கிய கடனோ மக்கள் தலைமுறைவரை தொடர்கிறது. ஆதலின், சிற்றூர் மருத்துவமனை ஒன்று தோன்றி நிலைத்த வரலாற்றை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் அங்கு வாழ்கின்றனர். 1990-களின் தொடக்கத்தில், மருத்துவமனையை அடைய அவர்கள் 40 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது. பிறந்த 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன என்பது அந்நாளைய கணக்கு.

காந்திகிராமத்தில் பணியாற்றிய மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜ், லலிதா இருவரும் 1993-இல் அங்குச் சென்றனர். ஒருவர் மயக்க மருந்து வல்லுநர். மற்றவர் மகப்பேற்று மருத்துவர். 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெயரில், ஊரார் துணையுடன் எழுந்த குடிசையிலே வைத்தியம் தொடங்கிற்று. பின்னர் அது 10 படுக்கைகளும், நாளடைவில் 35 படுக்கைகளும் கொண்ட மருத்துவமனையாக வளர்ந்தது. பிரசவம், அறுவைச் சிகிச்சை, பொது வைத்தியம் யாவும் அங்கு நடைபெறுகின்றன.

கட்டடத்தினும் சிறந்தது அங்குள்ள ஆட்பலம். உள்ளூர்ப் பெண்களே தாதியராகப் பயிற்சி பெற்றனர். கிராமங்களிலுள்ள மூத்த பெண்கள் வீடுதோறும் சென்று, கர்ப்பிணிகளைக் கவனித்துக் குழந்தைகளின் எடையை நிறுத்தறிந்தனர். ஆபத்து முற்றுமுன் நோயாளி மருத்துவரிடம் சேர இதுவே வழியாயிற்று. சிசு மரணமும் 1000-க்கு ஏறத்தாழ 20 என்ற அளவுக்குக் குறைந்தது.

மருந்தால் மட்டும் நலம் நிலைக்குமோ? வருவாயின்றி மக்கள் வெளியூர் செல்வதும், சத்துணவின்றிக் குழந்தைகள் மெலிவதும் நின்றபாடில்லை. ஆகவே 2004-இல் இயற்கை வேளாண்மை முயற்சி தொடங்கி, விவசாயிகள் சங்கமாக வளர்ந்தது. கேழ்வரகும் சிறுதானியங்களும் மீண்டும் மதிப்புப் பெற்றன. லம்பாடிப் பெண்களின் பூத்தையல் 'போர்கை' என்ற கைவினைஞர் சங்கத்தின் வழியே விற்பனைக்கு வந்தது. நோயைத் தேடிச் சென்றவர்கள் இறுதியில் சங்கத்தையே கண்டனர் என்பது நாம் குறிக்கத்தக்கது.

2022-இல் கள்ளக்குறிச்சியிலும் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஆயினும் மலைச் சிற்றூரில் நள்ளிரவில் வலி கண்ட தாய்க்கு முதல் உதவி, அவ்வூரிலே பயிற்சி பெற்ற ஒருத்தியின் கையிலேதான் உள்ளது. அத்தகைய ஒருத்தியை உருவாக்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஊரின் ஒற்றுமையே வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் ஆராயத்தக்க வினாக்கள்:

1. நம் சங்கத்தில் தவணை தவறியவர்களுள் நோயினால் தவறியவர் எத்தனை பேர்?

2. நிகர லாபத்தினின்று பொதுநலத்துக்கு ஒதுக்கும் தொகை எவ்வழியில் செலவாகிறது?

3. பயிற்சிக்கு அனுப்பத்தக்க பெண்கள் நம் ஊரில் யாவர்?

விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த பார்வையின்போது நாம் முதலில் புரட்டுவது அப்பக்கமாகவே இருக்கும்.