அண்ணனா, தம்பியா? 'ஒய்' குரோமோசோம் சொல்லுமா?

ஒரு வீட்டில் அண்ணன், தம்பி இரண்டு பேர். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த டி.என்.ஏ. அண்ணனுடையதோடு ஒத்துப்போகிறது. உடனே விலங்கு மாட்டிவிடலாமா? ஊஹூம்! சோதித்தது 'ஒய்' குரோமோசோமை மட்டும் என்றால், தம்பியைச் சோதித்தாலும் அநேகமாக அதே முடிவுதான் வரும். அப்பாவுக்கும், சித்தப்பா பையனுக்கும்கூட!

'ஒய்' அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. மற்ற குரோமோசோம்கள் தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டு மாதிரி கலையும். 'ஒய்'யின் பெரும்பகுதி கலையாமல் அப்படியே இறங்கும். நம் பாஷையில் சொன்னால், பங்காளிகளுக்கெல்லாம் ஒரே 'ஒய்'. தாய்மாமனுடையது வேறு.

இதனால் வந்த சிக்கலுக்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் வீட்டில் அடிமையாக இருந்தவர் சாலி ஹெமிங்ஸ். அவருடைய குழந்தைகளுக்கு ஜெஃபர்சன்தான் அப்பா என்று அந்தக் காலத்திலேயே ஊரில் பேச்சு. "இல்லை, ஜெஃபர்சனின் தங்கை பிள்ளைகள்தான் காரணம்" என்றது அவர் குடும்பம். 1998-ல் சோதித்தார்கள். ஜெஃபர்சனுக்கு ஆண் வாரிசு தங்கவில்லை. அதனால் பெரியப்பா வழி வந்த ஆண்களின் ரத்தத்தை எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டன் (பிறப்பு 1808) வழி வந்தவரோடு அது ஒத்துப்போனது! தங்கை பிள்ளைகளின் வம்சம் ஒத்துப்போகவில்லை.

ஆனால் ஜெஃபர்சனுக்கு ஒரு தம்பி இருந்தாரே, ராண்டால்ஃப்? அவருக்கும் அதே 'ஒய்'தான். அங்கே டி.என்.ஏ. கையை விரித்துவிட்டது. சாலியின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஏறக்குறைய ஒன்பது மாதம் முன்பு ஜெஃபர்சன் ஊரில் இருந்தார் என்ற பழைய குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்துத்தான், 'பெரும்பாலும் அவரே' என்ற முடிவுக்கு வந்தார்கள்.

'இவ்வளவு தொல்லை பிடித்த சோதனை எதற்கு? முழு டி.என்.ஏ.வையும் பார்த்தால் அண்ணன், தம்பியைப் பிரித்துவிடலாமே?' என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் பாலியல் வன்முறை வழக்கில் எடுக்கும் மாதிரியில் பெண்ணின் செல்கள்தான் ஏராளம், ஆணுடையது துளியூண்டு. சாதாரண சோதனையில் அது மூழ்கிவிடும். 'ஒய்' பெண்ணிடம் கிடையாது என்பதால், அதை மட்டும் தேடினால் அகப்படும்.

சரி, பங்காளிகளைப் பிரிக்க வழி? இருக்கிறது! 'ஒய்'யில் சில இடங்களில் ஒரே எழுத்துக் கோர்வை திரும்பத் திரும்ப வரும், நோட்டில் ஸ்ரீராமஜெயம் எழுதுகிற மாதிரி. எத்தனை முறை வருகிறது என்பதுதான் அடையாளக் குறி. பிரதி எடுக்கும்போது எப்போதாவது ஒன்று கூடும், ஒன்று குறையும். வழக்கமான குறிகளில் இப்படி நடப்பது ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று தடவைதான். நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரின் மான்ஃப்ரெட் கெய்சர் குழுவினர், ஏறக்குறைய 2,000 அப்பா-மகன் ஜோடிகளில் 186 குறிகளை எண்ணிப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. 13 குறிகள் நூற்றுக்கு ஒரு தடவைக்கும் மேல் மாறுகின்றன. அதில் ஒன்று நூற்றுக்கு ஏழு தடவை!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 குறிகளையும் சேர்த்துப் பார்த்தால், 100 அப்பா-மகன் ஜோடிகளில் 12-க்குக் குறையாமல் எங்காவது ஒரு வித்தியாசம் தென்படும். அண்ணன், தம்பிக்கு இரண்டு பிரதி என்பதால் ஏறக்குறைய இரு மடங்கு. ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு இன்னும் அதிகம். பிறகு இன்னும் பல வேகக் குறிகளைக் கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறார்கள்.

ஜெஃபர்சன் விவகாரத்துக்கு இது உதவாது. இருநூறு வருஷத்தில் இந்த வேகக் குறிகள் தாறுமாறாக மாறியிருக்கும். பழைய வம்சத்தைத் தேட, மெதுவாக மாறும் குறிகள்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம். வித்தியாசம் தெரிந்தால் ஒருவரை விடுவிக்கலாம். தெரியாவிட்டால் அவர்தான் என்று அர்த்தமில்லை. இருவரில் யாராகவும் இருக்கலாம். ஒரே கருவில் உண்டான இரட்டையரிடம் இந்த வேகக் குறிகளும் பலிக்காது. அதனால்தான் 'ஒய்' சோதனை ஒத்துப்போகும்போது, 'இவர் அல்லது இவருடைய தந்தைவழி ஆண் உறவினர்' என்று எழுதுகிறார்கள் நிபுணர்கள்.