பழைய கணனியில் விண்டோஸ் ஏற மறுத்தால்



பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரையான எமது கரையோரத்தில், யுத்தத்தினாலும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளினாலும் இடம்பெயர்ந்தோர் வாழும் குடியிருப்புகள் பல. இவற்றிற் சிலவற்றில் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அறையிலோ கமக்காரர் அமைப்பின் அலுவலகத்திலோ, யாரோ பாவித்துக் கொடுத்த பழைய கணனி ஒன்று இருப்பதுண்டு. ஒரு நாள் அது இயங்க மறுக்கும். கணனி தெரிந்த தம்பி ஒருவர் வந்து புதிய விண்டோஸ் போட முயல்வார். அதுவும் பாதியில் நின்றுவிடும். "இது சரிவராது, புதுசு வாங்குங்க" என்பதே முடிவாகிவிடும்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பவை யாவை? பசளை மானியப் பட்டியல், சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு, பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதங்கள், ஸ்கான் செய்து வைத்த காணி அனுமதிப்பத்திரங்கள். ஓடி வந்த அவசரத்தில் மூலப்பத்திரத்தை இழந்த குடும்பத்துக்கு அந்தப் பிரதி சிறிய விடயமன்று. அது மூலப்பத்திரத்துக்கு ஈடாகாதுதான். எனினும் அதிலுள்ள அனுமதிப்பத்திர இலக்கமும் திகதியும், பிரதேச செயலகத்தின் பேரேட்டில் உங்கள் காணியைத் தேடுவதற்கு வழிகாட்டும். ஆகவே நிறுவுதல் தடைப்பட்ட கணனியை எவ்வாறு அணுக வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கற்போம்.

1. முதலில் ஆவணங்களைக் காப்பாற்றுங்கள்

புதிய முறைமையை நிறுவும்போது வன்தட்டைப் பிரிக்கும் கட்டம் ஒன்று வரும். "முழுத் தட்டையும் பயன்படுத்து" என்ற பொருள்படும் தெரிவை அழுத்தினால் உள்ளே இருந்தவை அழிந்துபோகும். எனவே ஆவணங்களைப் பிரதியெடுக்கும்வரை எவரும் நிறுவுதலைத் தொடங்கலாகாது. கடைக்குக் கொடுத்தாலும் இதை எழுதிக் கொடுங்கள்.

கணனி இயங்காதபோது பிரதியெடுக்க இரு வழிகள் உள்ளன. முதலாவது, வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பான் மூலம் வேறொரு கணனியில் பொருத்திப் பார்த்தல். இரண்டாவது, நிறுவாமலே இறுவட்டிலிருந்து இயங்கக்கூடிய சிறிய லினக்ஸ் ஒன்றினால் கணனியைத் தொடக்கி, கோப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்றுதல். வன்தட்டு 'டிக் டிக்' என்று சத்தமிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஓட்ட ஓட்டச் சேதம் கூடும்.

இங்கே தமிழர் நாம் மறந்துபோகும் ஒன்று உண்டு. எமது பழைய கடிதங்கள் பல 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். கோப்பு பழுதாகிவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியையும் சேர்த்துப் பிரதியெடுங்கள். புதிதாக எழுதுபவற்றை யூனிகோட்டில் எழுதப் பழகுங்கள்.

பிரதிகள் இரண்டு இடங்களில் இருக்கட்டும். இடம்பெயர்ந்தோர் பட்டியலும் அடையாள அட்டை இலக்கங்களும் பிறர் எம்மை நம்பித் தந்தவை. அவற்றை மேசையிற் கிடக்கும் பென் டிரைவில் விட்டுவைக்கலாகாது.

2. களஞ்சியமும் களவெட்டியும்

கணனியில் இரண்டு வகை இடங்கள் உள்ளன. வன்தட்டு என்பது களஞ்சியம் போன்றது. மின்சாரம் நின்றாலும் நெல் அங்கேயே இருக்கும். 'றாம்' எனப்படும் நினைவகம் களவெட்டி போன்றது. சூடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரே நேரத்தில் களவெட்டி கொள்ளுமளவு கதிர்தான் அடிக்கலாம். வேலை முடிந்ததும் களவெட்டி வெறுமையாகிவிடும்.

"வன்தட்டில் இவ்வளவு இடம் கிடக்கிறதே, ஏன் ஏறவில்லை?" என்று பலர் கேட்பது இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதனால்தான். 2007இல் பொதுப் பாவனைக்கு வந்த விண்டோஸ் விஸ்ரா தொடக்கம், நிறுவும் நிரலானது தன் பெரும் கோப்பு ஒன்றை முதலில் நினைவகத்துக்குள்ளேயே விரிக்கின்றது. களவெட்டி சிறிதானால் வன்தட்டைத் தொடுமுன்னரே வேலை நின்றுவிடும். "றாம்டிஸ்க் அமைக்கப் போதிய நினைவகம் இல்லை" என்ற பொருளில், 17 என்று முடியும் பிழைக்குறியுடன் தோன்றும் செய்தி இதனையே சொல்கின்றது. இதற்கு வன்தட்டை அழித்துப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை.

3. எங்கே நின்றது?

வைத்தியர் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பது போல, நாமும் நிறுவுதல் எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்க்க வேண்டும். திரையில் வரும் செய்தியைக் கொப்பியில் எழுதி வையுங்கள், அல்லது கைத்தொலைபேசியிற் படம் எடுங்கள்.

அ. தொடங்கவே இல்லை. பழைய கணனிகள் பல பென் டிரைவிலிருந்து தொடங்க மாட்டா. அவற்றுக்கு இறுவட்டு வேண்டும். சாதாரண இறுவட்டில் 700 மெகாபைற் மட்டுமே அடங்கும். பெரிய முறைமைக்கு டீ.வீ.டீ. வாசிப்பான் தேவை. புரோசஸர் 32 பிற் வகையாயிருக்க 64 பிற் முறைமையைக் கொடுத்தாலும் தொடக்கத்திலேயே மறுத்துவிடும்.

ஆ. தொடங்கிய சில நொடிகளில் நின்றது. பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறை. பயோஸ் திரையில் உண்மையான அளவைப் பாருங்கள். 512 மெகாபைற் பொருத்தியிருந்தும் 448 என்று காட்டினால், மிகுதி 64ஐத் திரைக்காகத் தாய்ப்பலகை எடுத்துக்கொண்டுள்ளது. பயோஸில் அந்தப் பங்கைக் குறைக்க இயலும்.

இ. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கின்றது. நினைவகத் தகடு பழுதாக இருக்கலாம். கடற்கரையோர உப்புக் காற்றில் தகட்டின் செப்புமுனைகள் கறுத்துவிடும். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்து, தகட்டைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மீண்டும் பொருத்துங்கள். பின்னர் மெம்ரெஸ்ற்86 பிளஸ் என்ற இலவசச் சோதனையை ஒரு சுற்றாவது முழுமையாக ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் அதை நம்பலாகாது. தகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்தால் பழுதானது எது என்று தெரிந்துவிடும்.

ஈ. கோப்புகளைப் பிரதிசெய்யும்போது, எப்போதும் ஒரே இடத்தில் நிற்கின்றது. இறுவட்டிற் கீறல், வாசிப்பானில் தூசு, அல்லது வன்தட்டிற் பழுது. முதலில் இறுவட்டை மாற்றிப் பாருங்கள். அதுவே செலவு குறைந்தது.

உ. திகதி பிழை. தாய்ப்பலகையிலுள்ள 2032 என்ற இலக்கமுடைய சிறிய 3 வோல்ற் பற்றரி தீர்ந்தால் கணனி பழைய ஆண்டுக்குச் சென்றுவிடும். இணையத்திலிருந்து பொதிகளைப் பெறும்போது "இது இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற கருத்தில் மறுப்பு வரும். திகதியைத் திருத்தி, பற்றரியை மாற்றினாற் போதும்.

4. எந்த முறைமை பொருந்தும்?

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஓர் உவமை வருகின்றது. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து, கட்டி முடிக்கத் தம்மிடம் வசதி உண்டா என்று கணக்குப் பார்ப்பார். நாமும் இறுவட்டைப் போடுமுன் இந்தக் கணக்கைப் பார்ப்போம். மைக்ரோசொப்ட் நிறுவனம் அறிவித்த ஆகக் குறைந்த நினைவக அளவுகள் வருமாறு:

விண்டோஸ் 98: 16 மெகாபைற்
விண்டோஸ் எக்ஸ்பீ (2001): 64 மெகாபைற்
விண்டோஸ் 7 (2009), 32 பிற்: 1 ஜிகாபைற்
விண்டோஸ் 10 (2015): 32 பிற்றுக்கு 1 ஜிகாபைற், 64 பிற்றுக்கு 2 ஜிகாபைற்
விண்டோஸ் 11 (2021): 4 ஜிகாபைற், 64 பிற் மட்டும்

இவை தொடங்குவதற்கான அளவுகள். நிம்மதியாக வேலை செய்ய இதனினும் கூடுதலாக வேண்டும். மேலும் 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, பீ.ஏ.ஈ., என்.எக்ஸ். போன்ற வசதிகள் புரோசஸரிலேயே இருத்தல் வேண்டும். அவை இல்லாத பழைய பென்ரியம் 4இல் எவ்வளவு நினைவகம் சேர்த்தாலும் விண்டோஸ் 10 ஏறாது. நினைவகம் வாங்குமுன் இதைக் கேட்டறிவது உங்கள் பணத்தைக் காக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பீக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடனும், விண்டோஸ் 7க்கானவை 2020 ஜனவரி 14ஆம் திகதியுடனும் நின்றன. இணையத்தோடு இணைக்காமல், கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் மட்டும் எக்ஸ்பீ இன்னும் உதவும். அதனை இணையத்தில் இணைப்பது வேலியில்லா வயலுக்குச் சமம்.

மற்றைய வழி லினக்ஸ் ஆகும். இலவசமாகக் கிடைப்பது தரம் குறைந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். கடற்கோளின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிக் கோரிக்கைகளையும் பதிவுசெய்ய இலங்கையின் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹானா' என்ற மென்பொருளை எண்ணிப் பாருங்கள். அது எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தத்தக்க கருவிகளைக் கொண்டே கட்டப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் அது கைகொடுத்தது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது. எமது துயரத்திலிருந்து பிறந்த கருவி பிறர் துயருக்கும் உதவிற்று.

பழைய கணனிகளுக்கென்றே அமைந்த லினக்ஸ் வகைகளுள் பப்பி லினக்ஸ், அன்ரிஎக்ஸ் ஆகியன குறிப்பிடத்தக்கவை. 2023இல் வெளிவந்த அன்ரிஎக்ஸ் 23ஆம் பதிப்பு 32 பிற்றுக்கும் உண்டு. டெபியன் லினக்ஸ் 2025 ஓகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்புடன் 32 பிற் கணனிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. ஆகவே அத்தகைய கணனிக்கு 12ஆம் பதிப்பையே தேட வேண்டும்.

5. சிறிய களவெட்டியில் நிறுவும் முறை

அழகிய படங்களுடன் வரும் நிறுவியைத் தவிர்த்து, எழுத்துகள் மட்டும் கொண்ட நிறுவியைத் தெரிவுசெய்யுங்கள். டெபியனின் நிறுவி நினைவகம் குறைவு என்று கண்டால் தானாகவே சிக்கன முறைக்கு மாறும். அப்போது மொழிபெயர்ப்புகளை விட்டுவிடுவதால் திரையில் ஆங்கிலம் மட்டுமே வரும். அது பழுதன்று. நிறுவிய பின்னர் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வன்தட்டைப் பிரிக்கும்போது 'சுவாப்' எனும் இடமாற்றுப் பகுதியாக ஏறத்தாழ 1 ஜிகாபைற் ஒதுக்குங்கள். களவெட்டி நிரம்பும்போது கொஞ்சக் கதிரைக் களஞ்சிய ஓரத்தில் ஒதுக்கி வைப்பது போன்றது அது. வேகம் குறையும், ஆனால் வேலை நிற்காது. முதலில் அடிப்படை முறைமையை மட்டும் நிறுவி, அது தானாகத் தொடங்குகின்றதா என்று பாருங்கள். பின்னர் இலேசான திரைத்தளம் ஒன்றைச் சேருங்கள். மின்வெட்டு வரும் நேரங்களில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம்.

6. ஓர் உதாரணம்

ஒரு சங்கத்திடம் 32 பிற் பென்ரியம் 4 கணனி உள்ளது என்று கொள்வோம். நினைவகம் 256 மெகாபைற் தகடுகள் இரண்டு. விண்டோஸ் 10 போட முயன்றும் ஏறவில்லை. உறுப்பினர்கள் வன்தட்டைக் கழற்றி ஆவணங்களையும் பாமினியையும் எடுத்துக்கொள்கின்றனர். நினைவகச் சோதனையில் ஒரு தகடு பழுது என்று தெரிகின்றது. பழைய தகட்டையே கடைக்குக் கொண்டுசென்று, அதே 184 முனைகள் கொண்ட டீ.டீ.ஆர். வகையில் பாவித்த 512 தகடு ஒன்றை வாங்குகின்றனர். அடுத்த தலைமுறைத் தகடு 240 முனைகள் கொண்டது. அது இதிற் பொருந்தாது. இப்போது மொத்தம் 768 மெகாபைற். 32 பிற் அன்ரிஎக்ஸ் ஏறுகின்றது. லிப்ரே ஒப்பிஸ் மெதுவாகத் திறந்தாலும் பழைய கடிதங்களையும் கணக்குகளையும் காட்டுகின்றது. பாமினியை எழுத்துருக் கோப்புறையில் இட்டதும் தமிழ் எழுத்துகள் மீள்கின்றன.

இக்கணனியில் காணொளி பார்ப்பதையோ பல இணையப் பக்கங்களைத் திறப்பதையோ எதிர்பார்க்கலாகாது. கடிதம், கணக்கு, பட்டியல், பிள்ளைகளின் தட்டச்சுப் பயிற்சி ஆகியவற்றுக்கு அது போதுமானது. 256 மெகாபைற்றுக்கும் குறைந்த கணனிக்குப் பணம் செலவழிப்பது வீண். அதைக் கழித்துவிட நேர்ந்தால் வன்தட்டைக் கழற்றிச் சங்கத்திடமே வைத்துக்கொள்ளுங்கள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது சங்கக் கணனியில் எந்தெந்தக் குடும்பங்களின் ஆவணங்கள் உள்ளன? அவற்றின் இரண்டாவது பிரதி எங்கே, யாருடைய பொறுப்பில் உள்ளது?
2. காணிப் பத்திரங்களை இழந்த எவரேனும் எம்மத்தியில் உள்ளனரா? அவர்களுடைய அனுமதிப்பத்திர இலக்கம் எங்காவது பதிவாகியுள்ளதா?
3. கணனியைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் பெண்பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கின்றோமா?

செயற்பாடு: அடுத்த கூட்டத்துக்கு முன்னர் இளைஞர், யுவதிகள் மூவர் சேர்ந்து கணனியின் புரோசஸர் வகை, நினைவக அளவு, வன்தட்டின் அளவு, தொடங்கக்கூடிய வழிகள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். திருத்த வருபவர் யாராயினும் முதலில் அந்தத் தாளை வாசித்துவிட்டே கைவைக்கட்டும்.