நினைவிடம் உங்கள் ஊருக்கு வந்தால்

1977, 1983 வன்செயல்களின்போது தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், போரில் உறவுகளை இழந்து தெஹியோவிட்டவுக்குத் திரும்பிய குடும்பங்களில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். புதைத்த மண் அங்கேயே இருக்கிறது. போய் ஒரு விளக்கேற்றி வர பஸ் காசு வேண்டும். இரண்டு மூன்று நாள் பேரும் போய்விடும்.

போக முடியாதவர்களிடம் நினைவிடமே வருவதும் உண்டு. வியட்நாம் போரில் இறந்த 58,000க்கும் அதிகமான அமெரிக்கப் படையினரின் பெயர்கள் வொஷிங்டனில் ஒரு கருங்கல் சுவரில் உள்ளன. அதன் பாதியளவு மாதிரி 1984 முதல் ஊர் ஊராகப் போனது. பெற்றோர் பிள்ளையின் பெயரைத் தேடி விரலால் தடவிப் பார்த்தார்கள்.

நம் நாட்டில் 2012–2013இல் 'ஹெர்ஸ்டோரீஸ்' என்ற முயற்சி தமிழ், சிங்கள, முஸ்லிம் தாய்மாரின் 285 கதைகளைச் சேர்த்தது. அவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களும் படங்களும் கண்காட்சியாகப் பயணித்தன. வடக்குத் தாயின் கதையும் தெற்குத் தாயின் கதையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கல்லில் வெறும் பெயர்தான் இருக்கும். கடிதத்தில் பிள்ளை விரும்பிச் சாப்பிட்டதும் இருக்கும்.

இப்படியொன்று உங்கள் பக்கம் வந்தால், “காணாமல்போன மகனைப் பற்றி எழுதிக் கொடுத்தால் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே” என்று தயங்க வேண்டாம். கடிதம் மரணப் பதிவு அல்ல. மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அவரைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

உங்கள் பெயர் வெளியே தெரிய வேண்டாமென்றால், எழுதிக் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கையில் இருப்பது ஒரே படமென்றால் அதைக் கொடுக்காதீர்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள்.