பொய்யைக் காட்டுமா மூளை?

வகுப்பில் காணாமற்போன பணப்பையைப் பற்றி ஆசிரியர் விசாரிக்கிறார். நீங்கள் அதை எடுக்கவில்லை. ஆயினும், அவர் உங்களை உற்றுப் பார்க்கும்போது நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பொய் கண்டறியும் கருவியின் பெரிய குறையும் இதுதான்.

1921ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல்துறையைச் சேர்ந்த ஜான் லார்சன் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். அது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் பதிவு செய்தது. வியர்வையை அளக்கும் முறை பின்னர் சேர்ந்தது. ஆனால், இவை காட்டுவது பதற்றத்தைத்தான், பொய்யை அன்று. குற்றமற்றவரும் பதறலாம், கைதேர்ந்த பொய்யர் பதறாமலே இருக்கலாம். சோவியத் நாட்டுக்கு இரகசியங்களை விற்ற அமெரிக்க உளவுத்துறை அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986இலும் 1991இலும் இச்சோதனையில் தேறிவிட்டார்!

ஆகவே, ஆய்வாளர் சிலர் கேள்வியையே மாற்றினர். “நீ பொய் சொல்கிறாயா?” என்பதை விடுத்து, “இது உனக்கு முன்பே தெரியுமா?” என்று மூளையிடம் கேட்டனர். ஒரு வீட்டில் பச்சைக்கல் மோதிரம் திருடுபோனதாக வைத்துக்கொள்வோம். என்ன பொருள் போனது என்பது காவலர்களுக்கும் வீட்டாருக்கும் திருடனுக்கும் மட்டுமே தெரியும். சந்தேகத்திற்குரியவரின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, கைக்கடிகாரம், சங்கிலி, வளையல், மோதிரம் எனப் படங்களை மாறி மாறிக் காட்டுவர். பல படங்களுக்கு நடுவே தனக்கு முக்கியமான ஒன்றைக் கண்டதும், ஏறத்தாழ 300 மில்லிவினாடிகளில் மூளையில் ஒரு மின்னலை எழும். அதற்குப் ‘பி300’ என்று பெயர். குற்றமற்றவருக்கோ எல்லாப் படங்களும் ஒன்றுதான். வாய் மறுத்தாலும் மூளை அடையாளம் கண்டுகொள்கிறது.

கண்ணும் துப்புக் கொடுக்கும். மூளை கடினமாக உழைக்கும்போது கண்ணின் பாவை சற்றே விரியும். உண்மையை மறைத்துக் கதை புனைவதும் உழைப்புத்தானே! அந்த நுண்ணிய மாற்றத்தைக் கேமரா அளக்கிறது. ஆனால், அறையின் வெளிச்சம் குறைந்தாலும் பாவை விரியும் என்பதால் விளக்கொளி மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இம்முறைகளும் முழுமையானவை அல்ல. தொடர்பில்லாத படங்கள் வரும்போது கால்விரலை இரகசியமாக அசைத்து, அவற்றையும் மூளைக்கு முக்கியமாக்கி, சோதனையை ஏமாற்ற முடியும் என்று 2004ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது. மோதிரத்தைப் பற்றி நாளிதழில் செய்தி வந்துவிட்டால், அதைப் படித்த எவருடைய மூளையும் அதை அடையாளம் காணும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் இதைப் பற்றித் தீர்ப்பளித்தது. ஒருவரின் சம்மதமின்றி அவரை மூளைச் சோதனைக்கோ பொய் கண்டறியும் சோதனைக்கோ உட்படுத்தக் கூடாது. அவரே சம்மதித்தாலும் சோதனையின் முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க இயலாது என்றது.