பழைய வண்டியும் புதிய கம்பியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பழைய மோட்டார் வண்டியொன்றைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் பழுது நீக்கி மீண்டும் ஓடச் செய்தலை ஓய்வு நேரப் பணியாகக் கொண்டோர் பலர் உளர். அவர்கள் துருவை நீக்குவர், எஞ்சினைப் புதுக்குவர், கண்ணாடிபோல் மின்னும் வர்ணம் பூசுவர். காண்போர் வியப்பது அவ்வர்ணத்தையே. எனினும், பல ஆண்டு உழைப்பைச் சில நிமிடங்களில் சாம்பலாக்க வல்லது, ஒருவர் கண்ணுக்கும் புலப்படாது உள்ளே ஓடும் மெல்லிய செப்புக் கம்பியே. அக்கம்பியை இடும் முறையையும், அதன்பின் வண்டியை முற்றுவிக்கும் ஒழுங்கையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம். பௌதிக வகுப்பில் நாம் கற்கும் எளிய விதிகளே இதற்கு ஆதாரமாதலின், மோட்டார் வண்டியின் உள்ளுறுப்புக்களைக் கண்டறியாதாரும் இதனைப் பின்பற்றுதல் அரிதன்று.

இவ்வாறு புதுக்கப்பெறும் வண்டிகளுள் 'மஸில் கார்' என்னும் இனம் பெரிதும் விரும்பப்படுவது. மஸில் என்பது தசை. நடுத்தர அளவுள்ள வண்டியிற் பெரிய எஞ்சினைப் பொருத்தி வலிமையைப் பெருக்கினமையால் இப்பெயர் எய்திற்று. 1964ஆம் ஆண்டிற்குரிய பாண்டியாக் ஜி.டி.ஓ. இவ்வினத்தின் முன்னோடி எனப் பலராலும் கொள்ளப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினை வைத்தலாகாதென விதித்திருந்தது. ஜான் டெலோரியன் தலைமைப் பொறியாளராயிருந்த பாண்டியாக் பிரிவினரோ, விரும்புவோர் தனி விலை கொடுத்துப் பெறும் உறுப்புத் தொகுதி என்ற பெயரால், 389 கன அங்குல எஞ்சினை லெமான்ஸ் வண்டியில் அமைத்தனர். அதன் ஆற்றல் 325 குதிரைத்திறன். முதல் ஆண்டிலேயே 32,000க்கு மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. பின்னர், புகைக் கட்டுப்பாடும், இன்ஷூரன்ஸ் கட்டண உயர்வும், 1973இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடியும் இவ்வினத்தைத் தளர்வித்தன. பாண்டியாக் என்ற பெயரும் 2010ஆம் ஆண்டோடு மறைந்தது. ஆயினும் அவ்வண்டிகள் வீட்டுக் கொட்டகைகளில் இன்றும் உயிர்பெற்று எழுகின்றன.

இத்துணைப் பழைய வண்டியிற் கம்பிகளின் நிலை யாது? எஞ்சினின் வெப்பத்தால் மேலுறை இறுகி வெடித்திருக்கும். செம்பு பச்சை பூத்திருக்கும். கைமாறிய ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு வெட்டி ஒட்டிய முடிச்சுக்களும் இருக்கும். அன்றியும், அக்காலத்து ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி ஏறக்குறைய 40 முதல் 60 ஆம்பியர் வரையே தந்தது. இன்று வண்டியைப் புதுக்குவோரோ மின்விசிறி, மின்சாரப் பெட்ரோல் பம்பு, குளிர்காற்றுப் பொறி முதலியவற்றைச் சேர்த்து, 100 ஆம்பியர் தரும் மின்னாக்கியைப் பொருத்துகின்றனர். பழைய கம்பியை அப்படியே விட்டு இவ்வளவு சுமையை ஏற்றுதல், கட்டை வண்டியின் அச்சில் கல் மலையை ஏற்றுதல் போலாம். ஆகலின் கம்பிக் கற்றை முழுவதையும் புதிதாக இடுவதே தக்கது.

இனி, கம்பியின் பருமனை எவ்வாறு துணிவது? ஜெர்மானிய அறிஞராகிய ஓம் என்பார் 1827இல் வெளியிட்ட விதி இங்கு வழிகாட்டும். முன்விளக்குகள் இரண்டும் தனித்தனி 55 வாட் உடையன எனக் கொள்வோம். 12 வோல்ட்டில் அவை இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 9 ஆம்பியர். அமெரிக்க அளவு முறையில் எண் பெருகப் பெருகக் கம்பி மெலியும். 18ஆம் எண் கம்பியில் 6 மீட்டர் நீளத்திற்குத் தடை சுமார் 0.126 ஓம். எனவே 1.1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகும். இவ்வளவு குறையினாலேயே விளக்கின் ஒளி நூற்றுக்கு முப்பது அளவு மங்கும். 14ஆம் எண் கம்பியாயின் வீணாவது அரை வோல்ட்டுக்கும் குறைவே. விளக்கு மங்கலாயிருப்பதைக் கண்டு புது விளக்கு வாங்குவோர் பலர். குறை விளக்கிலன்று, கம்பியில் உள்ளது.

ஒளி குறைதலோடு நின்றால் நன்று. அந்த 18ஆம் எண் கம்பியின் முனை வண்டியின் இரும்பிற் பட்டுவிடின், அதே 0.126 ஓம் தடையின்வழி 95 ஆம்பியர் பாயும். அப்போது கம்பி முழுதும் எழும் வெப்பம் ஆயிரம் வாட்டுக்கு மேற்படும். மின் அடுப்பொன்றை வண்டியின் விரிப்பின்கீழ் மறைத்து வைத்தாற் போன்றது இது. இதனைத் தடுப்பது ப்யூஸ். ப்யூஸ் விளக்கைக் காப்பதன்று, கம்பியைக் காப்பது. ஆகவே அதன் அளவு கம்பியின் தாங்கும் திறத்துக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். அதன் இடமும் பாட்டரிக்கு அண்மையதாதல் வேண்டும். ஏனெனில் பாட்டரிக்கும் ப்யூஸுக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் யாதுமில்லை. ஒரு ப்யூஸ் அடிக்கடி உருகுமாயின், காரணத்தை நாடாது பெரிய ப்யூஸை இடுதல், குரைத்து எழுப்பும் காவல் நாயைக் கொன்றுவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

பழைய வண்டிகளில் முன்விளக்கின் மின்னோட்டம் முழுவதும் ஓட்டுநர் முன்னுள்ள சுவிட்சின் வழியே சென்றது. இப்போது ரிலே என்னும் சிறு கருவியை விளக்கிற்கு அருகில் வைக்கின்றனர். சுவிட்சின் வழியே அரை ஆம்பியரினும் குறைந்த ஓட்டம் சென்று ரிலேயை இயக்க, பெரிய ஓட்டம் பாட்டரியினின்று குறுகிய வழியில் விளக்கை அடைகிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. மின்சாரம் பாட்டரியினின்று செல்லக் கம்பி உண்டு. திரும்பி வருவதற்கோ வண்டியின் இரும்புடலே வழி. இதனை 'எர்த்' என்பர். வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலின், துருவேறிய வண்டியில் எரிந்த பின்விளக்கு, அழகாக வர்ணம் பூசிய பின் எரியாதொழிதல் உண்டு. திருகு முடுக்கும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டி, பளிச்சிடும் உலோகத்தின்மேல் பல்லுள்ள வாஷரை வைத்து முடுக்குதல் வேண்டும். எஞ்சினையும் வண்டியுடலையும் இணைக்கும் தடித்த எர்த் பட்டையை மறந்தாலோ, ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் பெருமின்னோட்டம் வேறு வழியின்றி ஆக்ஸிலரேட்டரின் மெல்லிய இழுகம்பி வழியே திரும்பி, அதனைச் சிவக்கக் காய்ச்சிவிடும்.

கம்பிகளை இணைக்கும் முனைகளை அதற்குரிய குறட்டினால் ஒரே சீராக அழுத்துதல் வேண்டும். ஈயப் பற்று வைப்பதே உறுதி எனச் சிலர் எண்ணுவர். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி இறுகுமிடத்தில் கம்பி வளையும் தன்மை இழந்து, வண்டியின் அதிர்வால் முறியக்கூடும். இரும்புத் தகட்டின் துளை வழியே கம்பி செல்லுமிடந்தோறும் ரப்பர் வளையம் இடுக. எஞ்சினின் புகைக்குழாயினின்று கம்பியை விலக்கிக் கட்டுக. ஒவ்வொரு கம்பியின் நிறத்தையும் அது சேருமிடத்தையும் ஏட்டில் எழுதி வைக்க. பின்னொரு நாள் பழுது நேருங்கால், அவ்வேடே நூறு மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

இனி முற்றுவிக்கும் ஒழுங்கு. முதலில் வர்ணம், அடுத்துக் கம்பி, அதன்பின் சோதனை, அனைத்திற்கும் பின்னரே அலங்காரம். கூரையின் உட்துணியைத் தைத்து ஒட்டுமுன் கூரை விளக்கின் கம்பி ஓடியிருத்தல் வேண்டும். அத்துணியின் விளிம்பு கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டப்படுவதால், முன்பின் கண்ணாடிகள் அதன் பின்னரே இடப்பெறும். பின்விளக்குகளுக்குச் செல்லும் கற்றை கதவோர வாயிற்படியை ஒட்டி விரிப்பின்கீழ் ஓடுவதாகலின், விரிப்பும் இருக்கைகளும் இறுதியில் வரவேண்டுவன.

சோதனைக்கு எளிய வழியொன்று உண்டு. சுவிட்சுகள் யாவற்றையும் அணைத்து, பாட்டரியின் எதிர்முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே சிறு விளக்கொன்றை இணைக்க. விளக்கு பிரகாசமாக எரியின் எங்கோ கம்பி இரும்பிற் படுகின்றது என்பது தெளிவு. எரியாதாயின், ஒவ்வொரு ப்யூஸாக இட்டு ஒவ்வொரு உறுப்பையும் சோதிக்க. எஞ்சின் ஓடுங்கால் பாட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் காட்டின் மின்னாக்கி தன் தொழிலைச் செய்கின்றதென அறிக. இச்சோதனை முடியுமுன் விரிப்பை ஒட்டிவிட்டவர், குறை கண்டபின் அழகாக ஒட்டியதனைத் தம் கையாலேயே கிழிக்க நேரும். அதற்கு மனமின்றிக் குறையோடே ஓட்டத் துணிவாராயின், ஆபத்து அவரோடு நில்லாது. உடன் ஏறும் மனைவி மக்களையும், வண்டி நிற்கும் வீட்டையும் சாரும்.

அச்சாணியின்றித் தேர் ஓடாது என்பர். தேரைக் காண்போர் கொடியையும் சிற்பத்தையும் காண்பர். அச்சாணியைப் பார்ப்பவன் தச்சன் ஒருவனே. கம்பியும் அத்தகையதே. வண்டி முற்றுப்பெற்ற நாளில் அதனைப் புகழ்வார் ஒருவருமிலர். அது விரிப்பின்கீழ் மறைந்துவிடும். பிறர் காணாத இடத்தும் செம்மையாகச் செய்யும் பழக்கம் உடையானுக்கே இப்பணி கைவரும். அப்பழக்கத்தைப் பயில்வதற்குப் பழைய வண்டி வேண்டுவதில்லை; நம் ஆய்வுச்சாலை மேசையின்மேல் நாள்தோறும் நாம் இணைக்கும் இரண்டு கம்பிகளே போதியன.