இருபது கிளையன்ட், ஒரே ரேடியோ: ஸ்பீடு எங்கே போகுது?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வைஃபை டெஸ்டிங் எடுத்தவங்களுக்கு இந்தப் பாடம். இருபது லேப்டாப்புக்கு எங்கே போறது? அதனால ஒரே வைஃபை கார்டில், லினக்ஸில் இருபது விர்ச்சுவல் ஸ்டேஷன் உருவாக்கி ஐபெர்ஃப் ஓட்டுவோம். ஒரு ஸ்டேஷனில் நல்ல ஸ்பீடு; இருபதில் மொத்தமும் படுத்துடும். உடனே "ஆக்சஸ் பாயிண்ட் சரியில்லை"ன்னு ரிப்போர்ட் எழுதினா, டிபார்ட்மென்ட் காசு போட்டு புதுசு வாங்கும். பிரச்சனை அப்படியே இருக்கும். அதுக்கு முன்னாடி இந்த நாலையும் வரிசையா பாருங்க.

1. இருபது வழியாவும் போகுதா?
எல்லா ஸ்டேஷனும் ஒரே சப்நெட்டில் இருந்தா, லினக்ஸ் ஒரே இன்டர்ஃபேஸ் வழியாவே எல்லா பாக்கெட்டையும் அனுப்பிடலாம். ஒவ்வொரு சோர்ஸ் ஐபிக்கும் தனி ரூல், தனி ரவுட்டிங் டேபிள் போடுங்க. ஏஆர்பி ஃபில்டரை ஆன் பண்ணுங்க. பிறகு ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் பைட் கவுண்டர் ஏறுதான்னு பாருங்க.

2. ரீட்ரை எவ்வளவு?
ஃபிரேம் வந்த சில மைக்ரோ செகண்டில் ஏசிகே போகணும். அதை ரேடியோ சிப்தான் செய்யும். ஏடிஹெச்9கே டிரைவரில், எந்த மேக் முகவரிகளுக்கு ஏசிகே அனுப்பணும்னு ஒரு மாஸ்க் முடிவு பண்ணும். மாஸ்க் தப்பா இருந்தா ஏசிகே போகாது. ஆக்சஸ் பாயிண்ட் திரும்பத் திரும்ப அனுப்பி, ரேட்டையும் குறைச்சிடும். சில பிட் மட்டும் மாறுற மாதிரி முகவரி கொடுங்க.

3. மூட்டை சின்னதாகுதா?
802.11என்னில் பல ஃபிரேமை ஒரே மூட்டையா அனுப்பலாம். ஆனா ஒரு ஸ்டேஷனோட ஃபிரேமை இன்னொன்றோட மூட்டையில் சேர்க்க முடியாது. இருபதா பிரிஞ்சா மூட்டை சின்னதாகும். ஒவ்வொரு மூட்டைக்கும் உள்ள காத்திருப்பு, ஏசிகே செலவு குறையாது.

4. மெதுவான ஆள் யாராவது?
எம். புதுப்பட்டி ரோட்டில் முன்னாடி ஒரு டிராக்டர் போனா, பின்னாடி வர்ற பஸ்ஸும் அதே வேகம்தான். 1500 பைட் பாக்கெட்டுக்கு 54 எம்பிபிஎஸ்ஸில் சுமார் 222 மைக்ரோ செகண்ட். 6 எம்பிபிஎஸ்ஸில் 2000. ஒன்பது ஸ்டேஷன் 54-லும், தூரத்து போன் ஒண்ணு 6-லும் ஆளுக்கு ஒரு பாக்கெட் அனுப்பினா, பாதி நேரத்தை அந்த ஒரு போனே எடுத்துக்கும். மத்த செலவுகளைச் சேர்க்காமலே மொத்த ஸ்பீடு 54-லிருந்து 30-க்கு இறங்கிடும். வைஃபையில் பங்கு போட வேண்டியது பிட்டை இல்ல, நேரத்தை.

இது நம்ம பக்கமே நிரூபணமான விஷயம். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள கண் பரிசோதனை மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு நீண்ட தூர வைஃபையால் இணைச்சது. கிராமத்து நோயாளியை டாக்டர் வீடியோவில் பார்க்கணும். ஆனா வழக்கமான ஏசிகே முறை அந்த தூரத்துக்கு ஒத்துவரல. ஆளுக்கு இவ்வளவு நேரம்னு முறை வெச்சு அனுப்பும்படி மாத்தினாங்க. வைல்ட்நெட் என்ற அந்த முறை த்ரூபுட்டை 2 முதல் 5 மடங்கு வரை உயர்த்தினதா 2007-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க.

கடைசியா ஒண்ணு: ஒரே கார்டில் உள்ள விர்ச்சுவல் ஸ்டேஷன்கள் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காது, நிஜ லேப்டாப்கள் முட்டும். இதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்க. வைவாவில் முதல் கேள்வியே அதுவா இருக்கலாம்!