கண்ணில் விழும் இரண்டு வெள்ளை

கவ்வாத்து நேரத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. சிம்பு தெறித்திருக்கும், இல்லாவிட்டால் தேயிலைக் குச்சி குத்தியிருக்கும். அன்றைக்கே வருகிறவர்களைப் பற்றி எங்களுக்குப் பயமில்லை. "சும்மா உறுத்தல்தானே" என்று நாலு நாள் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

கண்ணின் முன்னால், கறுப்பு வட்டத்தை மூடினாற்போல, கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இதற்கு விழிவெண்படலம் என்று பெயர். பெயரில்தான் வெண்மை, உண்மையில் தெளிந்த கண்ணாடி. தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். இதில் இரத்தக்குழாயே கிடையாது. இருந்தால் வெளிச்சத்தை மறைக்கும். தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதற்குப் பின்னால் கண்மணி. அது வெளிச்சம் நுழையும் ஓட்டை. வெயிலில் சுருங்கும், லயத்து இருட்டில் விரியும். அதற்கும் பின்னால் வில்லை. வில்லை குவிக்கிற வெளிச்சம் பின்சுவரிலுள்ள விழித்திரையில் விழும், அங்கிருந்து நரம்பு மூளைக்குக் கொண்டுபோகும்.

வயசானவர்களுக்கு அந்த வில்லை வெளுத்து மங்குவதுதான் புரை. இதற்குப் பயப்பட வேண்டாம். மங்கிய வில்லையை எடுத்துவிட்டு செயற்கை வில்லை வைப்பார்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் இதற்கான கண் பிரிவு உண்டு.

குச்சி குத்தி வருகிற வெள்ளை வேறு. அது முன்படலத்தில் விழுவது. பச்சைக் குச்சியோடு பூஞ்சணம் உள்ளே போய்ப் புண்ணாகும். புண் ஆறினாலும் தழும்பு வெள்ளையாக நின்றுவிடும். வில்லை மாற்றி அதைப் போக்க முடியாது. தாய்ப்பால், இலைச்சாறு ஒன்றும் விடக்கூடாது. பக்கத்து வீட்டு மிச்ச மருந்தும் வேண்டாம், சில சொட்டு மருந்து பூஞ்சணத்தை வளர்த்தே விடும். குத்தின அன்றைக்கே காட்டுங்கள்.

தழும்பு ஆழமாகிவிட்டால் இறந்தவர் ஒருவரின் படலத்தை வாங்கிப் பொருத்துவதுதான் வழி. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் இலங்கைக் கண்தான சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அதற்குப் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கின்றன. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. "எனக்குத்தான் புரை வெட்டியாச்சே, என் கண் யாருக்கு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. புரை வெட்டியவரும் கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம். பொருத்துவது முன்னால் இருக்கிற அந்தப் படலத்தைத்தான்.